யமுனா ஸ்நானம்

எண்பதைக் கடந்த என் அன்னையாரின் எதிரில் நாங்கள் வாய்விட்டுச் சிரித்ததே இல்லை. தந்தையார் மறைந்தபின் தனியே நின்று எங்களை ஆளாக்கியவர். அவர் ஒரு பார்வை பார்த்தால் வீடே அடங்கிவிடும்.

சென்ற தீபாவளிக்குக் கும்பகோணத்திலிருந்து தில்லிக்கு வந்திருந்தார். விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்த பேரனிடம், "கங்கா ஸ்நானம் ஆயிற்றா?" என்று வினவினார்.

"இல்லை பாட்டி, இங்கே குழாயில் வருவது யமுனை!" என்றான் அவன்.

எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"அப்படியா? யமுனை கங்கையோடு கலப்பது பிரயாகையில் அல்லவா? அங்கே போய்ச் சேரும்வரை குளித்துக்கொண்டே இரு. பட்சணம் அப்புறம்!" என்றார் அன்னையார். முதலில் நகைத்தவரும் அவரே.

மரியாதை என்று எண்ணி இத்தனை ஆண்டுகள் அவரைத் தனிமையில் இருத்திவிட்டோமே என்று மனம் உறுத்தியது. அன்பர்களே, பண்டிகைக்கு வரும் பெரியோருக்குப் புத்தாடையோடு நம் சிரிப்பிலும் ஒரு பங்கு கொடுப்போம்.