டைப்-சி கேபிள் எல்லாமே ஒன்றுதானா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் புதிய செல்போன்களுக்கு 2024 டிசம்பர் 28 முதல் யுஎஸ்பி டைப்-சி போர்ட் கட்டாயம். லேப்டாப்களுக்கு 2026 ஏப்ரல் 28 முதல். அப்போ, எல்லாத்துக்கும் ஒரே கேபிள் போதுமா? போதாது.

முனை ஒன்றுதான், உள்ளே இருக்கும் ஒயர்கள் வேறு. போனுடன் வரும் பல கேபிள்களின் டேட்டா வேகம் விநாடிக்கு 480 மெகாபிட்தான். 2000-ல் வந்த யுஎஸ்பி 2.0-ன் வேகம் அது. பார்க்க அதே மாதிரி இருக்கும் இன்னொரு கேபிள் 40 கிகாபிட் வரை கடத்தும்.

சார்ஜிங்கிலும் இதே கதைதான். யுஎஸ்பி பவர் டெலிவரி முறையில் 60 வாட்டைத் தாண்ட, கேபிளுக்குள் 'இ-மார்க்கர்' சிப் இருக்க வேண்டும். 'எவ்வளவு கரன்ட் தாங்குவ?' என்று அந்த சிப்பிடம் கேட்டுவிட்டுத்தான் அதிக மின்சாரம் அனுப்பப்படும். பதில் வராவிட்டால் 3 ஆம்பியரோடு நின்றுவிடும். 100 வாட் சார்ஜர் வாங்கியும் லேப்டாப் மெதுவாக ஏறுதா? கேபிளையும் சந்தேகப்படுங்க.

சட்டம் ஒன்றாக்கியது போர்ட்டைத்தான். கேபிள் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் வாட், ஜிபிபிஎஸ் இரண்டையும் பார்த்து வாங்குங்க.