ஏற்றும் முன் ஒருமுறை பாருங்கள்



உங்களில் பலர் மென்பொருள் வேலையில் இருக்கிறீர்கள். உதவிப் பக்கங்களை எழுதி இணையத்தில் ஏற்றுகிறீர்கள். "முதல்ல ஏத்திடலாம் சார், தப்பு இருந்தா அப்புறம் திருத்திக்கலாம்" என்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

உதவிப் பக்கத்தைத் தேடி வருகிறவர் ஏற்கெனவே எங்கோ சிக்கிக்கொண்டவர். அங்கேயும் இணைப்பைத் தட்டினால் 404 என்று வந்தால் யாரிடம் போய்க் கேட்பார்? வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளையாக இருந்தால், தப்பு தன் மேல்தான் என்று நினைத்துக்கொள்ளும்.

சொந்தக் கணினியில் பார்ப்பது பெரிய வேலையில்லை. எம்கேடாக்ஸில் 'சர்வ்' கட்டளை கொடுத்தால் 127.0.0.1:8000 என்ற முகவரியில் தளம் முழுவதும் உங்களுக்கு மட்டும் திறக்கும். 'பில்டு' கட்டளையோடு 'ஸ்ட்ரிக்ட்' சேர்த்தால், உள் இணைப்பு உடைந்திருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். ஸ்பிங்க்ஸில் வெளி இணைப்புகளைச் சோதிக்க 'லிங்க்செக்' இருக்கிறது.

கருவியோடு நிறுத்திவிடாதீர்கள். கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொதுவாகப் பொருட்படுத்தாது. லினக்ஸ் சர்வர் விடாது. உங்களிடம் தெரிந்த படம் அங்கே காணாமல் போகும். எழுதிய படிகளையும் வரிசையாக நீங்களே செய்து பாருங்கள். ஒரு படி விட்டுப்போயிருந்தால் எந்தக் கருவியும் சொல்லாது.

விடைத்தாளைக் கொடுக்கும் முன் ஒருமுறை படியுங்கள் என்று வகுப்பில் சொன்னதுதான். அப்போது போனது உங்கள் மதிப்பெண். இப்போது போவது முன்பின் தெரியாத ஒருவரின் நேரம்.