உப்புத் தண்ணீரில் ஒரு திருகாணி!

பாம்பன் ரயில் பாலத்தை நேரில் பார்க்காதவர்கள் படத்திலாவது பார்த்திருப்பார்கள். 1914-ல் திறந்த இரும்புப் பாலம் அது. நூறு ஆண்டுக்கு மேல் கடலில் நின்றது. எப்படி நின்றது? துருவைச் சுரண்டுவதும், பெயிண்ட் அடிப்பதும், பழுதான இரும்பை மாற்றுவதுமாக, அதற்கு ஓயாமல் பணிவிடை நடந்தது. அப்படியும் கடைசியில் உப்புக் காற்றே ஜெயித்தது. 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

அவ்வளவு பெரிய பாலத்துக்கே அந்தக் கதி. ஒரு சின்னத் திருகாணி எம்மாத்திரம்?

பாலத்தில் உள்ள திருகாணியைச் சொல்லவில்லை. வீட்டுக் கூடத்தில் அழகுக்கு வைக்கிறோமே, கடல் மீன் தொட்டி, அதில் கிடக்கும் திருகாணியைச் சொல்கிறேன். அது துருப்பிடித்தால் தொட்டியே சுடுகாடாகும்.

"உத்திரமேரூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நியாயந்தான். இது ஏரியை நம்பி வாழ்ந்த ஊர். பராந்தக சோழன் காலத்தில், 921-ம் ஆண்டுக் கல்வெட்டிலேயே, ஏரியைக் கவனிக்க 6 பேர் கொண்ட வாரியத்தைக் குடவோலை போட்டுத் தேர்ந்தெடுத்த ஊர். நல்ல தண்ணீரைப் பற்றி இவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

ஆனால் இன்று கடலைத் தேடிப் போக வேண்டியதில்லை. கடல் பஸ் ஏறி ஊருக்கு வருகிறது! சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்குப் போனால் கண்ணாடித் தொட்டியும் கிடைக்கும், மோட்டாரும் கிடைக்கும், கடல் உப்பு மூட்டையும் கிடைக்கும். லிட்டருக்கு 35 கிராம் வீதம் உப்பைக் கரைத்தால் கடல் தண்ணீர் தயார். கோமாளி மீன், இறால், நத்தை, பூப் போலக் கைகளை விரிக்கும் கடல் சாமந்தி எல்லாம் கூடத்தில் ஆடும். பிள்ளைகள் தொட்டியை விட்டு நகரமாட்டார்கள்.

ஆசை தப்பில்லை. சென்னைக்காரர்கள் இந்த ஆசையை எப்போதோ அனுபவித்துவிட்டார்கள். மெரினாவில் 1909-லேயே மீன் காட்சி சாலை திறந்தார்கள். இரண்டாவது உலகப் போர் வந்துதான் அதை மூட வைத்தது.

ஆசைப்படுகிறவருக்குக் கடைக்காரர் என்ன சொல்கிறார்? தீனி எவ்வளவு போட வேண்டும், விளக்கு எத்தனை மணி நேரம் எரிய வேண்டும் என்று சொல்கிறார். தொட்டிக்குள் இரும்பு, பித்தளை போகக் கூடாது என்பதை மட்டும் பல பேர் சொல்வதில்லை. என் குறை அதுதான்.

சாடியில் ஏன் ஊறுகாய்?

நம் பாட்டிமார் ஊறுகாயை எதில் போட்டார்கள்? பீங்கான் சாடியில் போட்டார்கள். உப்பை எதில் வைத்தார்கள்? மண் பானையிலும் மரவையிலும் வைத்தார்கள். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளி கரைத்து வைத்தால் களிம்பு ஏறிவிடும் என்று எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரியும். அந்த அறிவே கடல் மீன் தொட்டிக்கும் போதும்.

இரும்பு துருப்பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தண்ணீர், மற்றவர் பிராண வாயு. இவர்களுக்கு நடுவே உப்பு தரகர் வேலை பார்க்கிறது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் எளிதில் பாயும். அதனால் துருவும் வேகமாகப் பிடிக்கும். தொட்டியிலோ மீன் மூச்சு விட வேண்டும் என்று இரவும் பகலும் காற்று ஏற்றுகிறோம். மீனுக்கு ஏற்றிய பிராண வாயுவில் திருகாணியும் பங்கு கேட்கிறது!

"அண்ணே, இது எவர்சில்வர். ஒண்ணும் ஆகாது" என்பார்கள். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது சமையல் அறை வரைக்கும் சரி. எவர்சில்வரில் குரோமியம் கலந்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆடை போல மேலே படிந்து இரும்பைக் காக்கிறது. உப்பில் உள்ள குளோரைடு அந்த ஆடையில் பொத்தல் போட்டுவிடும். அதிலும் காற்றோட்டம் இல்லாத இடுக்கில், திருகாணியின் மரைக்குள், கவ்வியின் மடிப்புக்குள் முதலில் போடும். வெளியே பளபளப்பு, உள்ளே பழுப்பு! மாலிப்டினம் சேர்த்த உயர்ந்த ரகம் ஒன்று உண்டு. 316 என்று எண் போட்டிருப்பார்கள். அது கூடுதல் நாள் தாங்கும். ஆனால் என்றைக்கும் தாங்கும் என்று சொல்ல முடியாது. கடல் தண்ணீருக்கு அசையாமல் நிற்பது டைட்டானியம். விலைதான் கடிக்கும்.

லண்டனில் கிரிஸ்டல் பாலஸ் என்ற இடத்தில் 1871-ல் ஒரு கடல் மீன் காட்சி சாலை திறந்தார்கள். அங்கே தண்ணீர் ஓடும் குழாய்களை இரும்பிலோ செம்பிலோ செய்யவில்லை. கந்தகம் சேர்த்து இறுக்கிய கெட்டி ரப்பரில் செய்தார்கள். 150 ஆண்டுக்கு முன்பே தெரிந்த சங்கதி, இன்று தொட்டி விற்கிறவருக்குத் தெரியாதா?

அரிசி எடை போதும்

துருப்பிடித்தால் பிராணிகளுக்கு என்ன ஆகும்? இங்கே உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். வெறும் இரும்பு பெரிய விஷம் அல்ல. கொஞ்சம் இரும்பு எல்லா உயிருக்கும் தேவை. பவளப் பூச்சியின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசிக்கும் தேவை. அளவு மிஞ்சினால்தான் வம்பு. வேண்டாத பாசிக்கு அது எரு ஆகிவிடும். பாறையிலும் கண்ணாடியிலும் வழுவழுப்பாக ஏறி, பவளத்தின் மேல் போர்வை போட்டுவிடும்.

இது தொட்டியில் மட்டும் நடப்பதல்ல. பசிபிக் கடலில் பால்மைரா என்றொரு பவளத் தீவு இருக்கிறது. 1991-ல் ஒரு மீன்பிடிக் கப்பல் அங்கே தரை தட்டியது. அதன் பிறகு கப்பலைச் சுற்றி, பவளத்தின் உறவுக்காரப் பிராணி ஒன்று படை எடுத்தது. பவளம் போலக் கல்கூடு கட்டாத பிராணி அது. பாறை பாறையாகப் பவளத்தை மூடிக்கொண்டே போனது. கப்பலில் இருந்து கரைந்த இரும்பே அதற்குத் தீனி ஆகியிருக்கும் என்று விஞ்ஞானிகள் கருதினார்கள். 2013-14-ல் கப்பலை அறுத்து அப்புறப்படுத்தினார்கள்.

இரும்பு மெதுவாகக் கெடுக்கும். செம்போ உடனே கொல்லும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. ஆகவே பித்தளைத் திருகு, பித்தளைக் குழாய் முனை எல்லாம் எமனின் கையாட்கள்.

எவ்வளவு செம்பு போதும் தெரியுமா? மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால், தனித் தொட்டியில் விட்டு, லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை செம்பு கலந்து வைத்தியம் செய்வார்கள். மீன் அதைத் தாங்கும். நத்தை, இறால், கடல் சாமந்தி, பவளம் தாங்கா. 100 லிட்டர் தொட்டிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 20 மில்லிகிராம். ஏறக்குறைய ஓர் அரிசியின் எடை! இறாலின் ரத்தத்திலேயே செம்பு இருக்கிறது. நம் ரத்தத்துக்கு இரும்பு போல அதற்குச் செம்பு. அந்த இறாலே தண்ணீரில் கரைந்த செம்பைத் தாங்காது என்பது வேடிக்கைதான்.

இந்தக் குணத்தைக் கப்பல்காரர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். 1761-ல் இங்கிலாந்துக் கடற்படை 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்தது. மரத்தை அரிக்கும் கப்பல் புழுவை விரட்டத்தான். சில ஆண்டு கழித்துப் பார்த்தபோது, செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகங்கள் ஒன்றை ஒன்று தொட்டால் பாட்டரி மாதிரி ஆகிவிடும். ஒன்று தப்பிக்கும், மற்றது கரையும். உங்கள் தொட்டியில் பித்தளை மூட்டில் இரும்புத் திருகு போட்டிருந்தாலும் அதே கதைதான்.

எங்கெங்கே ஒளிந்திருக்கும்?

தண்ணீர் சுழற்றும் மோட்டாரைப் பாருங்கள். மலிவுச் சரக்கில் நடு அச்சு எவர்சில்வராக இருக்கும். பீங்கான் அச்சு உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். கண்ணாடி துடைக்கும் காந்தம் இன்னும் மோசம். மேலே பிளாஸ்டிக் உறை, உள்ளே இரும்பு கலந்த காந்தம். உறையில் மயிரிழை விரிசல் விட்டால் போதும். உள்ளே தண்ணீர் புகுந்து, காந்தம் துருவேறி ஊதி, உறையையே பிளந்துவிடும். தொட்டிக்கு மேலே தொங்கும் விளக்கின் திருகாணிகளையும் நம்பாதீர்கள். அவை தண்ணீரில் இல்லைதான். ஆனால் தெறிக்கும் துளி காய்ந்து உப்புப் பூக்கும். துரு சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள்ளேயே விழும்.

நம் ஊர் வெயிலுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. கடல் தொட்டித் தண்ணீர் 25, 26 டிகிரியில் இருந்தால் நல்லது. சித்திரை, வைகாசியில் குளிர்விக்கும் இயந்திரம் இல்லாமல் முடியாது. இதற்கென்று செய்த இயந்திரத்தில் டைட்டானியச் சுருள் இருக்கும். "எதற்கு அத்தனை பணம்? பழைய பிரிட்ஜ் சுருளை முக்கி நானே செய்து தருகிறேன்" என்று யாராவது கிளம்பினால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். அதில் பெரும்பாலும் செம்புக் குழாய்தான் இருக்கும்.

பிள்ளைகள் வேடிக்கையாக நாணயம் போடுவார்கள். பத்து ரூபாய் நாணயத்தில் செம்பு உண்டு.

நத்தை ஊர்வதை நிறுத்தினால், இறால் கவிழ்ந்து கிடந்தால், மீன் மட்டும் சுகமாக நீந்தினால், உலோகத்தைச் சந்தேகப்படுங்கள். உடனே தேடி எடுங்கள். தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள். மீன் கடையில் கிடைக்கும் கரித்தூளை வடிகட்டியில் போடுங்கள். காந்தத்தை மணலில் இழுத்தால் இரும்பு ஒட்டும். பித்தளை ஒட்டாது. எவர்சில்வரில் பல ரகம் ஒட்டாது. அவற்றை விரலால்தான் துழாவ வேண்டும். செம்பு கலந்த தொட்டியாக இருந்தால் பழைய மணலையும் பாறையையும் மாற்றிவிடுவதே மேல். அவை செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

பவளத்தைப் பற்றிச் சட்டமும் ஒன்று சொல்கிறது. பாறை கட்டும் பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு உள்ள காவல் அதற்கும் உண்டு! மன்னார் வளைகுடாவில் இருந்து ஒரு துண்டு பெயர்த்து வந்து தொட்டியில் வைத்தால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. செயற்கைப் பாறையே போதும். கோமாளி மீனுக்கு மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் குஞ்சு பொரிக்கும் முறையை விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். பண்ணையில் பிறந்த மீனா, கடலில் பிடித்த மீனா என்று கேட்டு வாங்கலாம்.

ஒரு பிள்ளை பெயர் வைத்துக் கொஞ்சிய இறால், ஐந்து ரூபாய்த் திருகாணியால் சாகிறது. வீட்டில் உள்ளவர்கள் தீனியைக் குறை சொல்கிறார்கள். ராசியைக் குறை சொல்கிறார்கள். மறுபடி கடைக்குப் போய் மறுபடி மீன் வாங்குகிறார்கள். கடைக்காரருக்கு வியாபாரம்!

மருந்துப் பெட்டியில் என்ன கலந்திருக்கிறது என்று அச்சடிக்கிறார்கள். மோட்டாருக்கும் விளக்குக்கும் கவ்விக்கும் ஏன் அப்படிச் செய்யக்கூடாது? அச்சு எந்த உலோகம், திருகாணி எந்த உலோகம், கடல் தண்ணீருக்கு ஆகுமா ஆகாதா என்று பெட்டி மேல் தமிழில் போடட்டும். அதுவரை பில் போடும்போதே அதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிற கடையில் நல்ல தண்ணீர் மீன் நாலு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.