மாற்றுவதற்கு முன் சோதியுங்கள்

பழைய காரொன்றின் எஞ்சின் 'மிஸ்' அடிக்கத் தொடங்கினால், இன்றைய கராஜ்கள் பலவற்றில் முதலில் கேட்கும் சொல் 'மாற்றுவோம்' என்பதுதான். பிளக்கை மாற்றுவோம், கொயிலை மாற்றுவோம், காபரேற்றரை மாற்றுவோம். எதனால் மிஸ் அடிக்கிறது என்ற கேள்வி, உரிமையாளரின் பணம் தீர்ந்த பின்னரே எழுகிறது. இதனைத் திறமைக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். சோதித்தறியும் பழக்கத்தை நாம் கைவிட்டதன் விளைவு இது. அப்பழக்கம் ஒருகாலத்தில் எவ்வளவு உயர்ந்து நின்றது என்பதை வன்னியில் வாழ்ந்தவர்கள் அறிவர்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகங்கள் யாவும் அடங்கின. அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி வீதிகளில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிஜும் மண்ணெண்ணெயில் ஓடின. சூப்பிப் போத்தலிலிருந்து சிறிது பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதே காரணம். ஆரம்பகால மொறிஸ் மைனரின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7க்கு 1 என்ற அளவில் குறைவாக இருந்ததால், தரங்குறைந்த அந்த எரிபொருளை அது தாங்கிக்கொண்டது. ஆயினும் பிளக்குகளில் கரி படிந்தது. எரியாத மண்ணெண்ணெய் றிங்குகளைக் கடந்து இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்தது. மிஸ் அடிப்பது அன்றாட நோயாயிற்று.

அதற்கு மருந்தாக மாற்றுவதற்கோ எதுவுமில்லை. ஆகவே மெக்கானிக்குகள் நோயின் மூலத்தைத் தேடினார்கள். எஞ்சின் ஓடும்போதே பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். நன்றாக இயங்கும் சிலிண்டரின் வயரைக் கழற்றினால் ஓட்டம் மேலும் குழம்பும். குழம்பாவிட்டால் குற்றவாளி அந்தச் சிலிண்டரே. பின்னர் பிளக்கின் நிறத்தைப் பார்ப்பார்கள். இளம் பழுப்பு நலம். உலர்ந்த கரி என்றால் எரிபொருள் மிகை. ஒயில் ஈரம் என்றால் உட்தேய்மானம். வெளிறிய வெண்மை என்றால் அதிவெப்பம். இருளில் பொனற்றைத் திறந்துவைத்து, வயரின் வெடிப்பில் பொறி கசிகிறதா என்று நோக்குவார்கள்.

அண்மையில் என் பழைய மொறிஸ் மைனருக்கும் இந்நோய் வந்தது. நகரத்துக் கராஜ் ஒன்று மூன்று மாதங்களில் பிளக், கொயில், காபரேற்றர் மூன்றையும் மாற்றியது, நோய் மாறவில்லை. பின்னர் அக்கராயனில் எழுபதைக் கடந்த மெக்கானிக் ஒருவரிடம் காரைக் கொண்டுசென்றேன். "சாமான் மாத்த முதல், எந்தச் சிலிண்டர் எண்டு பாத்தவையோ தம்பி?" என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

வயர்களைக் கழற்றிப் பார்த்ததில் நடுவிலுள்ள இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்கள் வேலை செய்யவில்லை. ஆனால் இரண்டிலும் பொறி நன்றாகவே வந்தது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையையும் பெருவிரலால் அடைத்துக்கொண்டு, முன்னாலிருந்து ஹாண்டிலைச் சுழற்றுவித்தார். நடு இரண்டிலும் அமுக்கம் இல்லை. சிறிது ஒயில் விட்டுச் சுழற்றினார். றிங் தேய்ந்திருந்தால் அமுக்கம் ஏறவேண்டும், ஏறவில்லை. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒன்றாகப் படுத்தால், அவற்றின் இடையே ஹெட் காஸ்கெற் எரிந்திருக்கும் என்றார். ஹெட்டைக் கழற்றியபோது அப்படியே இருந்தது. சோதனைக்கு எடுத்த நேரம் அரைமணி. மாற்றியது ஒரேயொரு காஸ்கெற்.

இப்போதைய கார்களில் கணினி உண்டே என்று வாசகர்கள் கேட்கலாம். உண்டுதான். ஸ்கானரைப் பொருத்தினால் 'பி0302' என்று காட்டும். இரண்டாம் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்பதே அதன் பொருள். காரணம் பொறியா, எரிபொருளா, அமுக்கமா என்பதை அந்த இலக்கம் சொல்வதில்லை. வயரைக் கழற்றிப் பார்த்து அந்தக் கிழவர் அறிந்த முதற்படியை மட்டுமே கருவி செய்து தருகிறது. மிகுதியை மனிதமூளைதான் செய்யவேண்டும்.

தடைக்காலத்தைப் புகழ இதனை எழுதவில்லை. கிளிநொச்சி மருத்துவமனை இடம்பெயர்ந்து அக்கராயனில் இயங்கிய நாட்களில், நோயாளியை ஏற்றிய வாகனம் வழியில் நின்றால் அதன் விலை உயிராகவும் இருக்கலாம். அந்த வறுமை மீண்டும் வேண்டாம். அது கற்பித்த ஒழுங்கையும் சேர்த்துக் கைவிட வேண்டுமா என்பதே என் கேள்வி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி, 2025இலேயே மீண்டும் தொடங்கியது. புதிய வாகனம் இன்றும் எட்டாத குடும்பங்களுக்குப் பழைய வாகனமே பிழைப்பு. தேவையற்று மாற்றப்படும் ஒவ்வொரு பாகமும் அவர்களின் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து எடுக்கப்படுவது.

இதில் வாடிக்கையாளருக்கும் பங்குண்டு. சாமானுக்குக் கேட்பதை மறுக்காமல் கொடுக்கும் நாம், சோதித்துச் சொன்னதற்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறோம். அந்தக் கூலியைக் கொடுக்கப் பழகவேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையம் போன்றவை, தடைக்கால மெக்கானிக்குகளை அழைத்து மாணவர்முன் ஒரு எஞ்சினைச் சோதிக்கச் சொல்லவேண்டும். அவர்களுக்கு வயதாகிவிட்டது, அந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் முழுமையாக எழுதப்படவில்லை. காலம் அதிகமில்லை.