கண்ணாடியைக் கழற்றச் சொல்லும் பெரியவர்களுக்கு

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெயர் வேண்டாம், நீங்கள் அவரைப் பாளையங்கோட்டை ரோட்டில் தினமும் பார்க்கிறவர்கள்தான். கையில் வழவழவென்று ஒரு கண் ஆஸ்பத்திரி விளம்பரத் தாள். இங்கிலீஷில் எது வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார். நான் புதுச்சேரியில் படித்தது பிரெஞ்சு மீடியம், இங்கிலீஷ் எனக்கு ஆபீஸ் ஃபைலில் பழகியது என்று முப்பது வருஷமாகச் சொல்கிறேன். அவர் நம்புவதாக இல்லை.

"சார், பேத்திக்கு ஒரு வரன் வந்திருக்கு. எல்லாம் பொருந்தியிருக்கு. கண்ணாடி மட்டுந்தான் அவியளுக்கு உறுத்துது. லேசர் பண்ணிட்டா போதும்னு சொல்லுதாவ. பத்து நிமிஷ வேலையாம். இதுல எது நல்ல பேக்கேஜுன்னு பாத்துச் சொல்லுங்க."

"பேத்தி என்ன சொல்லுதா?"

"அவ என்ன சொல்லுவா சார், சின்னப்புள்ள."

சின்னப்புள்ளைக்கு வயது இருபத்துமூன்று. ஒரு தனியார் வங்கியில் நகைக் கடன் பிரிவில் இருக்கிறாள். அடுத்தவர் நகையை எடைபோட்டு லட்சக்கணக்கில் கடன் சிபாரிசு செய்கிற பெண்ணுக்கு, தன் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதாம். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம் அண்ணாச்சி இல்லை, நான்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

லேசருக்கு நான் விரோதி இல்லை. அந்தக் கதையில் நமக்கே ஒரு பங்கு உண்டு. சென்னையில் 1929-இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, பிறகு அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர் ரங்கசாமி சீனிவாசன். 1981 நவம்பரில், அந்த ஊர் 'தேங்க்ஸ்கிவிங்' விருந்துக்கு மறுநாள், மிச்சமிருந்த வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் அதன்மேல் எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சினார். சுற்றிலும் கருகாமல் சுத்தமாகச் சீவி எடுத்தது. இரண்டே வருஷத்தில் ஸ்டீபன் டிராக்கல் என்ற கண் டாக்டரோடு சேர்ந்து அது கண்ணுக்கு வந்துவிட்டது. சீனிவாசனுக்கும் அவருடைய சகாக்கள் சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வின் இருவருக்கும் 2013-இல் தேசியப் பதக்கம் கிடைத்தது. விருந்து மிச்சத்தை ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போவது நம் ஆள் செய்கிற காரியம்தான் என்று அப்போது சிரித்துக்கொண்டேன்.

ஆனால் அந்த லேசர் செய்வது என்ன என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும். அது செதுக்குகிறது. கண்ணின் முன்பக்கம் இருக்கிற கார்னியா என்ற தெளிவான படலம் நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர், அதாவது 500 முதல் 550 மைக்ரான் கனம். லேசிக் முறையில் மேலே சுமார் 100 மைக்ரான் கனத்துக்கு ஒரு மூடி வெட்டித் திறக்கிறார்கள். அதற்குக் கீழே லேசரால் சீவுகிறார்கள். மைனஸ் ஐந்து பவர் என்றால் ஏறக்குறைய 70 மைக்ரான் போகும். அடியில் 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்பது டாக்டர்களின் பழைய கணக்கு. மிஞ்சாவிட்டால், அல்லது கார்னியா பிறவியிலேயே பலவீனமாக இருந்தால், பிறகு அது கூம்பு மாதிரி முன்னால் பிதுங்கிவிடக்கூடும். ஸ்மைல் என்று இன்னொரு முறையில் மூடி கிடையாது, சின்னத் துளை வழியாகச் சதையை உருவுகிறார்கள். எப்படி எடுத்தாலும் எடுத்தது எடுத்ததுதான். உப்பு அள்ளிய பாத்தியில் மறுபடி உப்பு விளையும். சீவிய கார்னியா விளையாது.

இதெல்லாம் மோசடி என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் உணவு மருந்து நிர்வாகமே முன்நின்று நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களில் 95 சதவீதத்துக்கும் மேல் பார்வை திருப்தி என்றார்கள். அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. முன்பு ஒரு தொந்தரவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை, மூன்று மாதம் கழித்து ஒளிவட்டம், கண்கூச்சம், இரட்டை உருவம் என்று ஏதாவது ஒன்று புதிதாகத் தெரிகிறது என்றார்கள். முன்பு கண் வறட்சியே இல்லாதவர்களில் 30 சதவீதம் வரை வறட்சி வந்ததாகச் சொன்னார்கள். அன்றாட வேலையே கஷ்டமாகிப் போனவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. விளம்பரத் தாளில் முதல் கணக்கு மட்டும்தான் வரும். 1990-களில் லேசிக்கைப் பரிசீலித்த பிரிவுக்குத் தலைவராக இருந்த மோரிஸ் வாக்ஸ்லர், ஓய்வுபெற்ற பின் 2011-இல் அந்த அனுமதியை விலக்கும்படி அதே நிர்வாகத்துக்கு மனுப் போட்டார். நிர்வாகம் விலக்கவில்லை. பெரும்பாலான கண் டாக்டர்களும் அவரோடு ஒத்துப்போகவில்லை. இருந்தாலும், தன் காலத்தில் நகர்ந்த ஃபைலை ரிட்டயரான பிறகு திறந்து பார்த்து, தப்பு என்று தோன்றியதைத் தன் பெயரிலேயே எழுதிக் கொடுத்தார். குமாஸ்தாவாக நாற்காலி தேய்த்தவனுக்கு அந்த மனிதர்மேல் ஒரு மரியாதை.

இப்போது என் ஃபைல்.

என் தங்கை காரைக்காலில் இருக்கிறாள். எட்டு வருஷத்துக்கு முன் அவள் பேத்திக்கு இதே மாதிரி ஒரு வரன். இதே மாதிரி கண்ணாடி, மைனஸ் ஐந்து. குடும்பத்தில் படித்தவன் என்று என்னைப் போனில் பிடித்தார்கள். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "இந்தக் காலத்தில் இது ஒரு விஷயமா, பத்து நிமிஷ வேலை, பண்ணிவிடுங்கள்" என்றேன். பண்ணினார்கள். ஆறாவது வாரம் கல்யாணம். மண்டபத்து ஏ.சி., வீடியோக்காரன் லைட், ஹோமப் புகை, கண் கொட்ட முடியாமல் தண்ணீராகக் கொட்டியது. பிறந்த வீட்டை நினைத்து அழுகிறாள் என்று கிழவிகள் எல்லாம் உருகினார்கள். நானும் உருகினேன்.

கார்னியாவில் மூடி வெட்டும்போது அங்கே ஓடும் நுண்ணிய நரம்புகளும் வெட்டுப்படுகின்றன. அவை திரும்ப வளரப் பல மாதம் பிடிக்கும். அதுவரை கண் தன் ஈரத்தைச் சரியாகக் கவனித்துக்கொள்ளாது. டாக்டர் இதைச் சொல்லியிருந்தாராம். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஃபாரத்தில் அவள் கையெழுத்தும் இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு விசேஷத்தில் தனியாக உட்கார்ந்திருந்தபோது அவளே சொன்னாள். "டாக்டர் கேட்டாரு தாத்தா, உனக்கு விருப்பந்தானான்னு. இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அத்தை, போன்ல நீங்க. நான் என்ன சொல்ல?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே சொன்னாள்.

எனக்குப் புதுச்சேரி ஞாபகம் வந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் அப்பா என்னை ஒரு கல்யாணப் பதிவுக்கு மேரிக்கு (நகரசபைக் கட்டடத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்) கூட்டிப்போனார். பிரெஞ்சுச் சட்டப்படி அந்த அதிகாரி மாப்பிள்ளையைக் கேட்டார், பிறகு பெண்ணைக் கேட்டார். பெண் வெட்கப்பட்டுத் தலையை ஆட்டினாள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவள் தன் வாயால் 'உய்' என்று சொன்ன பிறகுதான் ரெஜிஸ்டரில் எழுதினார். ஒரு கையெழுத்துக்கே அவ்வளவு நேரம் காத்திருந்தார்கள். நாம் கண்ணை வெட்டுவதற்கு ஒரு போன் பேச்சில் முடிவு செய்கிறோம்.

"சும்மா பேசாதீர், கண்ணாடி போட்ட பெண்ணுக்கு வரன் அமைவது கஷ்டம், அது உமக்குத் தெரியாதா" என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் பெண் பார்க்க வருகிற அந்தப் பையனைக் கவனித்தீர்களா? அவனும் கண்ணாடிதான். அவன் போட்டால் 'நல்ல படிப்பாளி', இவள் போட்டால் 'கண்ணில் கொஞ்சம் குறை'. பையனுக்கு லேசர் பண்ணிவிட்டுக் கூட்டி வாருங்கள் என்று எந்தப் பெண் வீட்டாராவது சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் அன்றோடு சம்பந்தம் முறிந்துவிடும்.

பிள்ளைகளுக்கும் வந்துவிடுமே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பயத்துக்கும் லேசருக்கும் சம்பந்தமே இல்லை. கிட்டப்பார்வைக்காரர்களுக்குக் கண்ணின் உருண்டை பெரும்பாலும் நீளமாக இருக்கும். முன்பக்கத்தைச் சீவினால் அந்த நீளம் குறையாது. பவர் அதிகம் உள்ளவர்களுக்கு விழித்திரை மெலிந்து கிழிகிற ஆபத்து லேசருக்குப் பிறகும் அப்படியே இருக்கும். பரம்பரையும் அப்படியே இருக்கும். மாறியது போட்டோ மட்டும். சொல்லப்போனால், கண்ணாடி போய்விட்டது, இனி எதற்கு என்று விழித்திரைப் பரிசோதனையை விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் கூடுதல் ஆபத்து.

கல்யாணத்துக்கு முன்னால் என்ற அவசரம் இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் மோசம். பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும், ஒரு வருஷமாவது பவர் மாறாமல் நின்றிருக்க வேண்டும், காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் அளவெடுப்பதற்கு முன் இரண்டு வாரமாவது அதைக் கழற்றி வைத்திருக்க வேண்டும், கார்னியாவின் வடிவத்தைப் படம் எடுத்துக் கூம்பு நோயின் அறிகுறி இல்லை என்று பார்க்க வேண்டும். கண் வறட்சி, முடக்குவாதம், கட்டுப்படாத சர்க்கரை இருந்தால் நிறுத்தி யோசிக்க வேண்டும். கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் பவரும் கண்ணின் ஈரமும் மாறக்கூடும் என்பதால் அப்போது செய்வதில்லை. ஆறு வாரத்தில் முகூர்த்தம் வைத்துக்கொண்டு இதில் எதைப் பொறுமையாகப் பார்ப்பீர்கள்? மண்டபம், சமையல், ஜவுளி, லேசர் என்று வரிசையாகச் செலவுக் கணக்கு எழுதுகிற நோட்டில் கார்னியாவுக்கு எங்கே இடம்?

யாருக்குச் சரி என்றால், தனக்கு வேண்டும் என்று தானே கேட்கிறவருக்கு. விசைப்படகில் போகிற ஒரு பையனை எனக்குத் தெரியும். உப்புத் தண்ணீர் தெறித்துக் கண்ணாடி மூடிப்போகும், துடைக்கக் கை இருக்காது. இரண்டு வருஷம் காசு சேர்த்து, மூன்று டாக்டர்களைப் பார்த்து, செய்துகொண்டான். நன்றாக இருக்கிறான். அவன் கண்ணுக்கு அவனே மனுதாரர். இன்னொரு பையன் செய்துகொண்ட பிறகுதான் தெரிந்துகொண்டான், ரயில்வேயில் அசிஸ்டெண்ட் லோகோ பைலட் வேலைக்கு லேசிக் செய்தவர்களை எடுப்பதில்லை என்று. பேரன்மார் அந்தப் பரீட்சைக்குப் படிக்கிற வீடுகளில் இதைச் சொல்லி வையுங்கள்.

நம் வயதுக்காரர்களில் சிலர் எனக்கும் லேசர் செய்தால் பேப்பர் படிக்கலாமா என்று கேட்கிறார்கள். நமக்கு வந்திருப்பது வெள்ளெழுத்து, பழைய ஆட்கள் சாளேஸ்வரம் என்பார்கள். நாற்பதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் லென்ஸ் விறைத்துப்போவதால் வருவது. கார்னியாவைச் சீவினால் அந்த விறைப்பு தளராது. அறுபதைத் தாண்டியவருக்குப் பெரும்பாலும் கேள்வி கண்புரைதான், அது வேறு அறுவை. இருபத்தைந்தில் கண்ணாடியைக் கழற்றுகிற பெண்ணும் நாற்பதுகளில் படிக்கிற கண்ணாடி வாங்கத்தான் போகிறாள். இதை எந்த மாப்பிள்ளை வீட்டிலும் சொல்வதில்லை.

ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் வீட்டில் இருந்தால், அறுவைக்கு முன் எடுத்த அளவுகளைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பிற்காலத்தில் கண்புரைக்கு உள்லென்ஸ் பவர் கணக்கிடும்போது சீவிய கார்னியா கணக்கைக் குழப்பும். கண் அழுத்தம் பார்க்கும்போதும் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். ஆகவே எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்ல வேண்டும். என் தங்கை பேத்தியின் காகிதங்களை நான்தான் தேடி வாங்கி, ஒரு ஃபைல் போட்டு, இரண்டு நகல் எடுத்துக் கொடுத்தேன். என்னால் செய்ய முடிந்த பரிகாரம் அதுதான்.

அவளுக்கு இப்போது வறட்சி தேவலை. சொட்டு மருந்து மட்டும் கைப்பையில் இருக்கிறது. இரண்டு குழந்தைகளுக்குப் பிறகு பவர் கொஞ்சம் திரும்பி வந்துவிட்டது. ராத்திரி ஸ்கூட்டர் ஓட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள்கிறாள். மாமியார் ஒன்றும் சொல்லவில்லையாம். கவனித்தாரா என்பதே சந்தேகம் என்றாள்.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி வீட்டுக்கு நானே போனேன். இதையெல்லாம் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "அப்ப வரன் போயிட்டா நீங்களா சார் பொறுப்பு?" என்றார். இல்லை என்றேன், நான் பொறுப்பு இல்லை. வாசலில் அந்தப் பெண் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள், ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே. அண்ணாச்சி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஏளா, இங்க வா. உன்ட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன்.