பேரன் ஐ.டி.ஐ. போகிறானாம்

மே மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் பெரிய ரகளை. பிளஸ் டூ முடித்த பேரன், இஞ்சினீயரிங் வேண்டாம், மேட்டுப்பாளையம் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கிறேன் என்கிறான். மார்க் குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தனியார் கல்லூரியில் இடம் கிடைக்கும். (இப்போது நம் பக்கத்தில் தனியார் கல்லூரியில் இடம் கிடைக்காமல் போவதற்குத்தான் தனித் திறமை வேண்டும்.) "போகட்டுமே" என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், மருமகள் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நீங்க ஃபேன் கீழ உக்காந்து சர்வீஸ் முடிச்சிட்டு பென்ஷன் வாங்குறீங்க. என் புள்ள மட்டும் ஏணியில ஏறணுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. என் பிள்ளைகள் இருவரையும் பட்டம் படிக்க வைத்தவன் நான். ஊரான் பிள்ளைக்கு கைத்தொழில், தன் பிள்ளைக்கு காலேஜ் என்று பேசுகிறவர்களை நானே எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன். அதனால் இரண்டு வாரம் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் என் கதை. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962 ஆகஸ்ட் 16இல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, இந்தப் பிள்ளைகள் படிப்பு இனி எதற்கு ஆகும் என்று தெருவே பரிதாபப்பட்டது. பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. என் அப்பா எடுக்கவில்லை. நான் பிரவே தேறி, குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அங்கே போனால், நொத்தேர் எழுதிய பழைய பத்திரங்கள், எத்தாசிவில் பிறப்பு, கல்யாணப் பதிவேடுகள் எல்லாம் பிரெஞ்சில். அதுவும் கையெழுத்தில். சொத்துத் தகராறு என்று ஒரு பத்திரம் வந்தால் மேலதிகாரியே என் மேசைக்கு வந்து நிற்பார். அவர் எம்.ஏ., நான் பிரவே. படிப்பின் உயரத்துக்குக் கிடைத்த மரியாதை இல்லை அது. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் குறைந்துகொண்டே போனார்கள், அவ்வளவுதான்.

இன்று பட்டத்துக்கு நேர் எதிரான நிலை. 2015இல் உத்தரப் பிரதேசத்தில் 368 பியூன் வேலைக்கு 23 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அதில் 255 பேர் பி.எச்.டி. முடித்தவர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டெல்லி ஆய்வு நிறுவனம் ஒன்றும் சேர்ந்து 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. அதன்படி 2022இல் நம் நாட்டில் பட்டம் படித்த இளைஞர்களில் வேலையில்லாதவர்கள் 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் 3.4 சதவீதம். இந்தக் கணக்கைக் காட்டி மருமகளை மடக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் பார்த்தால், எழுதப் படிக்கத் தெரியாதவன் வேலை இல்லாமல் உட்கார்ந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. கிடைத்ததைச் செய்கிறான். அதை ஒரு நல்ல வேலை என்று எப்படிச் சொல்வது?

கைத்தொழிலின் உண்மைக் கணக்கை எனக்குச் சொன்னவர் எங்கள் மேஸ்திரி.

எங்கள் வீடு பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு. தேக்குச் சட்டங்கள் மேல் சின்னச் செங்கல்லை நிமிர்த்திக் கோணலாக அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய மெத்தை. ஒழுகியது என்று படித்த ஒருவரைக் கூப்பிட்டேன். சிமெண்ட் பூசச் சொன்னார். பூசினோம். அடுத்த மழையில் சட்டமே ஊற ஆரம்பித்தது. கடைசியில் இந்த மேஸ்திரி வந்து சிமெண்ட்டைப் பெயர்த்து எறிந்துவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினார். 2014 நவம்பர் மழையில் கடற்கரை மேரி கட்டடம் இடிந்து விழுந்ததே, அந்த மழையிலும் எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு விழவில்லை.

அவர் கூலியை முப்பதால் பெருக்கினால் என் மகனின் முதல் சம்பளத்தைவிட அதிகம். ஆனால் முப்பதால் யார் பெருக்குவது? ஐப்பசி, கார்த்திகையில் பாதி நாள் வேலை கிடையாது. மகனை பி.இ. படிக்க வைத்தாராம். அவன் இப்போது பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். "உங்க தொழிலுக்கே கூட்டி வரலாமே" என்றேன்.

"வேணாம் சார். எனக்கு முட்டி போயிடுச்சி. மேஸ்திரின்னா பொண்ணு குடுக்க யோசிக்கிறாங்க. பி.இ.ன்னா குடுக்குறாங்க."

அமைப்புசாரா தொழிலாளர்களுக்கு 60 வயதுக்கு மேல் மாதம் 3,000 ரூபாய் தரும் மத்திய அரசின் பென்ஷன் திட்டம் 2019இல் வந்தது. 18 முதல் 40 வயதுக்குள் சேர வேண்டும். அவர் அப்போதே நாற்பதைத் தாண்டிவிட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. கைத்தொழில் என்றாலே நம்மவர்களுக்கு ஏன் சந்தேகம் வருகிறது? 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் என் வயதுக்காரர்கள் வீட்டில் பெரியவர்கள் பேசிக் கேட்டதுதான். பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். ராஜாஜி போய் காமராஜர் வந்ததும், 1954இல் அதை எடுத்துவிட்டார். நாம் அப்போது பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தோம். கோட்டக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் நடந்த சண்டை என்றாலும் அதன் நியாயம் இந்தப் பக்கமும் தெரிந்ததுதான். சவரத் தொழிலாளி மகன் அதையே செய்யாமல் இருக்க அவனுக்குக் கிடைத்த ஒரே கதவு படிப்பு. அந்தக் கதவைச் சாத்தச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் என் பேரன் எலக்ட்ரீஷியன் ஆவது பிறப்பால் இல்லை. அவனாகக் கேட்கிறான். இரண்டும் ஒன்றாகுமா?

பிரான்சில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி குழாய் வேலை செய்தவன். சே.ஆ.பே. சான்றிதழ் வாங்கி வேலைக்குப் போனான், இப்போது ஓய்வூதியம் வாங்குகிறான். அந்த நாட்டில் 1924 முதல் சிறந்த கைவினைஞர் போட்டி நடக்கிறது. ஜெயித்த சமையல்காரர், ரொட்டிக்காரர் நீலம், வெள்ளை, சிவப்புக் காலர் வைத்த சட்டை போட்டுக்கொண்டு நடப்பார். இங்கே எந்த மேஸ்திரிக்கு நாம் காலர் தைத்துக் கொடுத்தோம்?

அதனால் மருமகள் கேட்டது சரியான கேள்விதான். ஃபேனும் பென்ஷனும்தான் விஷயம். ஆனால் 2004 ஜனவரி 1க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு நான் வாங்கும் பழைய பென்ஷன் கிடையாது. நான் உட்கார்ந்த நாற்காலி இப்போது காலேஜ் முடித்தவனுக்கும் காலியாக இல்லை.

போன திங்கட்கிழமை பேரனோடு மேட்டுப்பாளையம் போய் விசாரித்துவிட்டு வந்தேன். கல்லூரிக்குக் கட்ட வைத்திருந்த பணத்தில் ஒரு பங்கு அவனுக்கு நல்ல கருவிகளுக்கும் ஷூவுக்கும். இன்னொரு பங்கை, பதினெட்டு முடிந்ததும் அவன் பேரில் என்.பி.எஸ். கணக்கில் போடச் சொல்லியிருக்கிறேன். மாதா மாதம் என் பென்ஷனிலிருந்தும் கொஞ்சம். மூன்று வருஷம் வேலை செய்தபிறகு மேலே டிப்ளமோ படிக்க ஆசை வந்தால் லாஸ்பேட்டை பாலிடெக்னிக் எங்கும் போய்விடாது.

மருமகள் இன்னும் சரியாகப் பேசவில்லை. காலையில் காபி மட்டும் வருகிறது, சர்க்கரை கொஞ்சம் கம்மியாக.