எங்கும் போகாத சாலை குறித்து ஒரு விண்ணப்பம்

மாண்புமிகு அமெரிக்க உள்துறைச் செயலர் அவர்களுக்கு,

தங்கள் துறையின் பராமரிப்பில் உள்ள கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவைப் பார்த்து மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். வண்டி நிறுத்த நாளொன்றுக்கு 5 டாலர் என்ற கட்டணத்தை 2023-இல் நடைமுறைப்படுத்தினீர்கள், முணுமுணுக்காமல் செலுத்தினேன். ஆகவே இதைக் குறைகாண வந்தவனின் கடிதமாகக் கொள்ள வேண்டாம்.

பிரைசன் சிட்டியிலிருந்து மலையேறும் லேக்வியூ சாலை மிக அழகானது. சுமார் 1,200 அடி நீளமுள்ள சுரங்கப்பாதையொன்றில் அது முடிகிறது. உள்ளே வண்டிகள் போவதில்லை. நடந்து மறுமுனைக்குப் போனால் சாலை இல்லை, காடுதான். ‘எங்கும் போகாத சாலை’ என்று ஊரார் வைத்த பெயர் இன்று சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கிறது. செய்து முடிக்காத வேலையையே பார்வையிடத்தக்க இடமாக்கிக் காட்டும் நிர்வாகத் திறமை எல்லா அரசுகளுக்கும் வாய்ப்பதில்லை, பாராட்டுகள்.

1943-இல் நடந்ததைத் தங்கள் கோப்புகள் என்னைவிட நன்றாக அறியும். போருக்கான அலுமினியத்துக்கு மின்சாரம் வேண்டியிருந்தது. லிட்டில் டென்னசி ஆற்றின் குறுக்கே 480 அடி உயர ஃபொன்டானா அணையை இரவுபகலாகக் கட்டினார்கள். 1942 ஜனவரியில் தொடங்கிய வேலை, 1944 நவம்பரில் நீர் தேக்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஊர்கள் காலியாயின. வடகரையை ஊர்களோடு இணைத்த 288-ஆம் எண் சாலை நீருக்குள் போயிற்று. அந்தச் சாலைக்காக வாங்கிய கடனை மட்டும் பிரைசன் சிட்டி அடங்கிய ஸ்வெயின் மாவட்டத்து மக்கள் அதன்பிறகும் பல்லாண்டுகள் அடைத்துவந்தார்கள். நீரில் மூழ்காத சுமார் 44,000 ஏக்கர் தங்கள் பூங்காவோடு சேர்ந்தது. அங்கே 20-க்கும் மேற்பட்ட இடுகாடுகள் இருந்தன. போர் முடிந்ததும் புதிய சாலை போட்டுத் தருவதாகத் தங்கள் துறை கையெழுத்திட்டது. நிதி ஒதுக்கப்பட்டவுடன் என்ற ஒரு சிறு நிபந்தனையோடு. நிலத்தை எடுக்கும்போது அப்படியொரு நிபந்தனை குறுக்கே நிற்கவில்லை என்பதை நினைவூட்டுவது மரியாதைக் குறைவாகாது என்று நம்புகிறேன்.

முப்பது மைலுக்கு மேல் நீள வேண்டிய சாலை, ஏழு மைல் அளவில் 1970-களின் தொடக்கத்தில் நின்றது. மலையைக் குடைந்தால் வெளிப்படும் பாறை மழையில் அமிலமாகக் கரைந்து ஓடைகளைக் கெடுக்கும் என்றீர்கள். அது உண்மை, ஓடை மீன்களுக்காக நானும் வாதாடியிருப்பேன். ஆனால் சாலை கூடாதென்றால் வேறு என்ன என்பதை உறுதிசெய்ய 2010 வரை எடுத்துக்கொண்டீர்களே, அதற்கும் அந்தப் பாறைதான் காரணமா? சாலைக்கு ஈடாக 5.2 கோடி டாலர் என்று ஒப்பந்தமானது. முதலில் 1.28 கோடி வந்தது. பிறகு, நாடாளுமன்ற அனுமதி வேண்டும் என்ற பழைய ராகம். 2016-இல் மாவட்டம் வழக்கே தொடுத்தது. கடைசித் தவணையான 3.52 கோடியை 2018-இல் தந்தீர்கள். 2020 வரை கெடு இருந்தது. இரண்டாண்டு முன்னதாகவே தந்துவிட்டதாகத் தாங்கள் பெருமைப்படலாம். 1943-இலிருந்து எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு அது 75-ஆம் ஆண்டு. அவர்களில் பலர் அதற்குள் இடுகாட்டுக்கே போய்விட்டார்கள், அதுவும் வேறு கரை இடுகாடுகளுக்கு.

அந்தப் பணத்தின் வட்டி மாவட்டத்துக்குப் பயன்படுகிறது, நல்லது. ஆனால் வடகரையிலுள்ள பாட்டனின் கல்லறையைச் சுத்தம் செய்து பூ வைக்கப் போகும் நாளில் வட்டியின் மேல் ஏறி யாரும் அணை தேக்கிய ஏரியைக் கடக்க முடியாது. இன்றும் அவர்களைத் தங்கள் துறையின் படகுதான் அக்கரை சேர்க்கிறது. முதியவர்களை அங்கிருந்து வண்டியேற்றி மேலே கொண்டுபோகிறார்கள் தங்கள் ஊழியர்கள். அந்த ஊழியர்களை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆட்குறைப்பு, செலவுக் குறைப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அந்தப் படகின் நினைவுதான் வருகிறது.

என் கோரிக்கை பெரிதல்ல. வண்டி நிறுத்தக் கட்டணம் முழுவதும் பூங்காவுக்கே என்கிறீர்கள். அதில் ஒரு பங்கை அந்தப் படகுக்கும் வண்டிகளுக்கும் நிரந்தரமாக ஒதுக்கி, அதை எழுத்தில் தாருங்கள். எழுதும்போது, ‘நிதி ஒதுக்கப்பட்டவுடன்’ என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஐந்து டாலர் செலுத்திய விருந்தாளி